ரெண்டு பேரும் வரட்டு

என் கடையில் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற ரோட்டில் பதினைந்து வருடமாகப் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு திருத்தம், பி.எஸ்.சி. விண்ணப்பம், கல்யாணக் கார்டு என்று சோறு போடுகிற வேலையெல்லாம் அந்த ஒன்றாம் நம்பரில்தான் நடக்கும். கரண்ட் போனாலும் நின்றுபோகாமல் ஓடுவது அது ஒன்றுதான். அதை ஒன்றரை வருடம், தினமும் காலையில், ஒரு பெண்மணி என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். கேட்டு வாங்கினார் என்று சொன்னால் பொய்.

முதல் நாள் வந்தபோது ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டை உருவம். சேலைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எலே மக்கா, கொஞ்சம் எழும்பு. எனக்கு இதில ஒரு கதவு தொறக்கணும்."

"என்ன கதவு?"

"பள்ளிக்கூடத்துக்க கதவு. பிள்ளைய வெளிய நிக்கியாவ."

எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என்னை அப்படி எழுப்ப என் மனைவியால்கூட முடியாது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர் அவருக்கு இரண்டு பெயர் வைத்திருந்தது. முதலில் இஸ்ரேல்காரி, ஆறு மாதம் கழித்துப் பாலஸ்தீனக்காரி. இரண்டையும் கேட்டால் முகம் சிவந்துவிடும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அவர் ஊரில் இல்லை. ஏவுகணை விழுகிற இடத்துக்கு இந்த வயதில் எதற்கு என்று எல்லோரும் தடுத்தும், வேறொரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக்கொண்டு பழைய ஊருக்கே போய்விட்டார்.

அக்கா இஸ்ரேலில் பல வருடம் ஹோம் நர்ஸாக இருந்தவர். எங்கள் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருத்தர் இப்படி வெளியில் உண்டு. அவர் பார்த்துக்கொண்டது சக்கர நாற்காலியில் இருந்த ஒரு யூத மூதாட்டியை. அந்த அம்மையார் ஓய்வுபெற்ற டீச்சர். யூதப் பிள்ளைகளும் அரபிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் படிக்கிற ஒரு சின்னப் பள்ளியைத் தொடங்கிய நாலைந்து பேரில் ஒருவர். நடமாட முடியாமல் போன பிறகும் தினமும் காலையில் பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். அக்கா தள்ளிக்கொண்டு போவார். வகுப்பின் பின் வரிசையில் இருவரும் மத்தியானம் வரை இருப்பார்கள். அப்படி இருந்து இருந்து அக்கா எபிரேயமும் அரபியும் படித்துவிட்டார். ஆனால் இரண்டையும் ஏழு வயதுப் பிள்ளை பேசுகிற மாதிரிதான் பேசுவாராம். அங்கே கடைக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்களாம்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு டீச்சர் நிற்பார்கள், ஒருவர் யூதர், ஒருவர் அரபி. பாடத்தில் பாதியை ஒருவர் தன் மொழியில் சொல்வார், மீதியை மற்றவர் தன் மொழியில். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்க்கவே கூடாது. புரியாத பிள்ளை பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகவே இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று, அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். நான் இதைக் கேட்டு, "இது என்ன கூத்து, ஒரு ஆளு ரெண்டையும் சொல்லிக் குடுத்தா வேலை முடிஞ்சுதே" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மொழிபெயர்த்துக் குடுத்தா பிள்ளை காதை அடச்சிரும் மக்கா. எனக்க டீச்சர் இப்பம் சொல்லுவாவண்ணு சும்மா இருந்திரும். பின்ன பக்கத்துப் பிள்ளை எதுக்கு?"

மூதாட்டி இறந்தபின் அக்கா ஊருக்கு வந்தார். கொஞ்ச நாளில் அங்கே போர் தொடங்கியது. பள்ளிக் கட்டடத்தில் எல்லோருக்கும் போதுமான பதுங்கறை இல்லை என்று பூட்டிவிட்டார்கள். வகுப்புகளை வீடியோவில் நடத்தச் சொன்னார்கள். அப்போதுதான் சண்டை வந்தது. வீடியோ வகுப்பின் சாவி, அதாவது ஆளை உள்ளே விடுகிற பொறுப்பு, யார் கையில் இருப்பது? யூத டீச்சர் கையில் இருந்தால் பதிவு செய்து யாருக்காவது அனுப்புவார்கள் என்று அரபிப் பெற்றோர் பயந்தார்கள். அரபி டீச்சர் கையில் இருந்தால் என்று யூதப் பெற்றோரும் அதையே சொன்னார்கள். முதல் வகுப்பில் ஒரு வீட்டிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து அதைவிடக் கெட்ட வார்த்தை திரும்பியது, பத்தே நிமிடத்தில் வகுப்பு கலைந்தது. அன்று சாயங்காலம் இரண்டு டீச்சர்மாரும் அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா வீட்டு முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாராம்.

"ரெண்டு பேரும் ஒரே போனிலயாக்கும் விளிச்சாவ" என்பதை அக்கா எப்போதும் அழுத்திச் சொல்வார். "தனித்தனியா விளிச்சிருந்தா நான் எடுத்திருக்கவே மாட்டேன்."

சாவியை இரண்டு பக்கமும் இல்லாத ஒரு ஆளிடம் கொடுப்பது என்று முடிவானது. இரண்டாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். பின் வரிசையில் இருந்த இந்திய ஆன்ட்டியை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், எல்லா வீட்டுக்கும் தெரியும். அக்காவின் வீடு ரப்பர் தோட்டத்துக்குள் பள்ளத்தில் இருக்கிறது, போனில் ஒரு கோடுகூட ஏறாது. அப்படித்தான் என் ஒன்றாம் நம்பர் பறிபோனது.

சாவி கொடுத்தவர்கள் நிபந்தனை ஒன்றும் வைக்கவில்லை. அக்காவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். இரண்டு டீச்சரும் வந்து நின்றால்தான் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பார். ஒருவர் மட்டும் வந்தால் திறக்கமாட்டார். "ரெண்டு பேரும் வரட்டு" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்.

தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். ஒரு நாள் வழக்கம்போலப் பத்தரை மணிக்கு உட்கார்ந்தார். அங்கே காலை எட்டு. யாரும் வரவில்லை. பத்தே முக்கால், பதினொன்று. டீச்சரும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்குப் பின்னால் ரேஷன் கார்டுக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, அவிய கிளாஸை மதியாக்கிட்டாவ, நிறுத்தியாச்சு. எழும்புங்க."

"நான் மதியாக்கல்லையே."

"ஆளு வரல்லேல்லா."

"வரல்லேண்ணா நான் போணுமா? கதவுக்காரி போனா பின்ன எங்க வந்து முட்டுவாவ?"

திரையில் ஒரு முகமும் இல்லாமல் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். முதுகு வளையவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது, அங்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று. பதினொன்றரைக்கு இரண்டு டீச்சரும் ஒன்றுமே நடக்காதது போல் வந்து வணக்கம் சொன்னார்கள். விஷயம் இவ்வளவுதான். குளிர்காலம் வந்தால் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்களாம். அத்தனை வருடம் அங்கே இருந்தவர் அதை மறந்துபோனார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுநாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்து, அந்த ஊர் நேரம் வைத்து, என் சுவரில் மாட்டினார். அதைப் பார்த்து ஏமாந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்னைத் திட்டினார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளை மொத்தமாக உள்ளே விடமாட்டார். ஒவ்வொருவராக முகத்தைக் காட்டச் சொல்வார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிறகுதான் விடுவார். வகுப்பு தொடங்கியதும் தன் படத்தை மறைத்துக்கொண்டு ஓரத்தில் இருப்பார். ஒரு நாள் நடு வகுப்பில் என் பழைய ஸ்பீக்கரிலிருந்து அபாயச் சங்கின் ஊளைச் சத்தம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து, அப்புறம் இன்னொரு வீட்டிலிருந்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். டீச்சர்மாரும் ஓடினார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் காலி நாற்காலிகள், ஒரு கட்டத்தில் பூனை. கடையில் ஆதாருக்கு நின்ற ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா தன் படத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு, யார் முதலில் வந்தாலும் தன் முகம் தெரியட்டும் என்று திரையைப் பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு பிள்ளையாகத் திரும்பி வர, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். இருபத்திரண்டாவது பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், ஓடைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று ஓங்கரித்தார். நான் தண்ணீர் கொண்டு கொடுத்தேன். அன்றைக்குப் பிறகு ஒன்றாம் நம்பரைப் பற்றி நான் முணுமுணுத்ததில்லை.

இந்த இரண்டு பேர் சட்டம் வகுப்போடு நிற்கவில்லை. அதுதான் அவரோடு இருந்த கஷ்டம். என் தம்பி என் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற வழியில் வேலி போட்டுவிட்டான். வயிறெரிந்து அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அவனையும் கூட்டிட்டு வா, கேக்கேன். ஒத்தைக்குக் கேக்க மாட்டேன்." யாரைப் பற்றி யார் என்ன சொல்ல வந்தாலும் இதே பதில். ஊரில் மனுஷனுக்கு இருக்கிற ஒரே சுகம், எதிரில் இல்லாதவனைப் பற்றிப் பேசுவது. அதற்கும் அவர் பக்கத்தில் வழி கிடையாது.

ஒரு நாள் அவர் மகள் போன் செய்தாள். ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் வீட்டில் ஏதோ தகராறு. அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மக்கா, போனை ஸ்பீக்கரில வையி. உனக்க மாப்பிளையும் பக்கத்தில வரட்டு. ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார். மகள் போனை வைத்துவிட்டாள். மூன்று மாதம் பேசவில்லை. பிறகு பேசினார்கள், ஆனால் பழையபடி இல்லை. எனக்கு அன்று அக்காவின் மேல் வெறுப்பாகவே இருந்தது.

"பெத்த மோளுக்குக்கூட ஒரு பக்கம் நிக்க மாட்டியளா?" என்று கேட்டேன்.

"நிக்கத் தெரியாமலா? நான் நிண்ணா நாளெ அவ அந்த வீட்டில எங்க போய் நிப்பா?"

பதில் சரிதானோ என்னவோ. அழுகிற பிள்ளையிடம் சொல்கிற வார்த்தை அது இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஊர் சும்மா இருக்குமா? சபை மூப்பருக்கு முதலிலேயே கோபம். அங்கே பள்ளி வாரம் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை. அக்கா பிரசங்கத்தின் நடுவில் எழுந்து கேன்வாஸ் ஷூவோடு நடந்து என் கடைக்கு வந்துவிடுவார். நானும் ஞாயிறு ஓய்வை விட்டுக் கடை திறக்க வேண்டும். மூப்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட நாட்டைப் பற்றிச் சாட்சி சொல்லவேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டார். போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அக்கா எழுந்து நின்று ஒரு தாளைப் பிரித்து, இந்தப் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள் என்று வாசித்தார். ஆதம், மாயா, நூர், தானி, லீனா, யூசுப், ரமி, தாமார், சாரா, யாரா... இருபத்திரண்டு பெயர், வகுப்பில் உட்காருகிற வரிசையில். உட்கார்ந்துவிட்டார்.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "கொள்ளாம். இதில நம்ம ஆளு யாரு?"

"எனக்குத் தெரியாது. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மூப்பருக்கு முகம் விழுந்துவிட்டது. அந்தச் சேதி பரவி, அடுத்த வாரம் ஒரு கட்சிக்காரர் வந்தார். ஜங்ஷனில் போருக்கு எதிராகக் கூட்டம், அங்கே நடக்கிற அநியாயத்தைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள், வந்து பேச வேண்டும் என்றார். அதற்கும் போனார். மைக்கைப் பிடித்து அதே தாளைப் பிரித்து, அதே இருபத்திரண்டு பெயரை வாசித்தார். மேடையை விட்டு இறங்கும்போது கட்சிக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார், "சேச்சி, இதில் நம்முடெ ஆள்க்கார் யாரொக்கெ?" நான் அங்கேயே உரக்கச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மூப்பருக்குச் சொன்ன பதிலையே மலையாளத்தில் சொன்னார். அதோடு அவருக்கு ஊரில் இரண்டு பெயரும் உறுதியாயின.

போர் நீண்டது. யூத டீச்சரின் தம்பி படையில் இறந்துபோனார். அவர்கள் வழக்கப்படி ஏழு நாள் வீட்டில் தாழ்ந்த ஆசனத்தில் துக்கம் இருக்க வேண்டும். அக்கா ஏழு நாளும் வகுப்பைத் திறக்கவில்லை. எங்கள் டீச்சர் வந்து நிற்கிறாரே, அவரை வைத்து நடத்தினால் என்ன என்று சில அரபிப் பெற்றோர் கேட்டார்கள். அக்கா அசையவில்லை. அரபி டீச்சரும் தனியாக நடத்தமாட்டேன் என்றார். மூன்றாம் நாள் அவர் அந்தத் துக்க வீட்டுக்குப் போனாராம். அவரைக் கண்டதும் இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்களாம். இவர் போகாமல், தோழிக்குப் பக்கத்தில் தரையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். எட்டாம் நாள் இருவரும் வந்தார்கள். அக்கா திறந்தார்.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்து அரபி டீச்சருக்கு அடி விழுந்தது. குண்டில் செத்த ஒரு குழந்தையின் படத்தைத் தன் பேஸ்புக்கில் போட்டு, இறைவா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். யாரோ அதைப் படம் பிடித்து மேலே அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டார். ஒரு டீச்சர் இல்லை, வகுப்பும் இல்லை. ஆனால் இது ஏழு நாளில் முடிகிற துக்கம் இல்லை. விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் போனது. பிள்ளைகள் படிப்பில்லாமல் இருந்தார்கள்.

பெற்றோர் குழுவின் தலைவர் போன் செய்தார். அவர் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன், அக்கா சொல்லவில்லை. தலைவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் இப்படியே இருக்க முடியாது, எனவே வருகிற ஞாயிறு முதல் இரண்டு வகுப்பு, எபிரேயம் பேசுகிற பிள்ளைகளுக்கு ஒன்று, அரபி பேசுகிற பிள்ளைகளுக்கு ஒன்று, போர் முடியும்வரை மட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு கதவையும் நீங்களே திறக்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். அக்கா முடியாது என்றார். அப்படியானால் வேறு ஆள் திறப்பார் என்று அவர் போனை வைத்தார்.

எனக்கு அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. சொல்லவும் செய்தேன்.

அக்காவுக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "போரு தீந்த பிறகு சேப்பாவளா? ஆரு சேப்பாவ? ஒருக்கா பிரிச்சு இருத்தியாச்சுண்ணா அதுக்குப் பின்ன அதுதான் சுகமாட்டு தோணும். போரு இல்லாத காலத்தில ஒண்ணா இருக்க இந்தப் பள்ளிக்கூடம் எதுக்குலே? இப்பம் இருக்கத்தானே உண்டாக்கினது!"

அவர் அடித்த அடியில் மேஜையில் இருந்த என் ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்து வைத்துவிட்டு, அரபி டீச்சருக்கு வந்த கடிதத்தின் படத்தைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். ஏழு வயதுப் பிள்ளையின் எபிரேயத்தை வைத்துக்கொண்டு அரசாங்கக் கடிதம் படிக்க முடியாது. கம்ப்யூட்டரில் போட்டு வரி வரியாக ஆங்கிலமாக்கி, நான் வாசித்துப் பொருள் சொன்னேன். பாடம் நடத்தக்கூடாது. தேர்வு வைக்கக்கூடாது. பள்ளியின் பெயரால் பேசக்கூடாது. அக்கா சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டார்.

"இருக்கப்பிடாதுண்ணு எங்க எழுதியிருக்கு?"

"எங்க இருக்க?"

"அவளுக்க மோளும் இந்தக் கிளாஸிலதான் படிக்கியா. பிள்ளைக்குப் பொறத்தால அம்மை இருக்கப்பிடாதுண்ணு எங்க எழுதியிருக்கு, காட்டு பாப்போம்."

திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை.

அங்கேயே இரண்டு டீச்சரையும் ஒரே போனில் கூப்பிட்டார். வெகு நேரம் பேசினார். அரபி டீச்சர் முதலில் மாட்டேன் என்றாராம். விசாரணை நடக்கும்போது இப்படி ஏதாவது செய்தால் வேலை நிரந்தரமாகப் போய்விடும், அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அக்கா கட்டாயப்படுத்தவில்லை. "டீச்சரா வராண்டாம், அம்மையா வா, வாய் தொறக்காண்டாம்" என்று மட்டும் சொன்னாராம். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிறகு அக்கா எல்லா வீட்டுக்கும் இரண்டு மொழியிலும் ஒரு குரல் சேதி அனுப்பினார். ஞாயிறு எட்டு மணிக்குப் பழைய கதவு பழைய இடத்தில் இருக்கும், நான் அங்கே இருப்பேன். அவ்வளவுதான் சேதி.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்பது மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். அக்கா பதினொன்றுக்கு வந்தார். அன்றைக்கு ஆராதனைக்கே போகவில்லை. பதினொன்றரைக்கு யூத டீச்சர் வந்தார். அதே நேரத்தில் தலைவரின் இரண்டு புது வகுப்புகளும் தொடங்கிவிட்டன என்று அக்காவின் போனில் சேதி வந்தது. பதினொன்று நாற்பது. எங்கள் கதவுக்கு வெளியே இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். அக்கா திறக்கவில்லை.

"ரெண்டு பிள்ளையளாவது வந்திருக்கு அக்கா. அதுகளும் போயிரும். தொறங்க."

"ரெண்டு பேரும் வரட்டு."

மவுஸைப் பிடித்திருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு சிறுமியின் பெயர் திரையில் வந்தது. முகத்தைக் காட்டச் சொல்லி அக்கா பார்த்தார். சிறுமி இருந்தாள். அவளுக்குப் பின்னால், தோளில் கை வைத்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடியபடி அவள் அம்மா இருந்தார். மைக்கில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

அக்கா எல்லோருக்கும் கதவைத் திறந்தார். வெளியே நின்றவர்கள் இப்போது ஐந்து. கொஞ்ச நேரத்தில் ஒன்பது. புது வகுப்புகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்போல. பதினான்கில் நின்றது.

யூத டீச்சர் தன் பாதிப் பாடத்தை நடத்தினார். மழையைப் பற்றிய பாடம் என்று அக்கா சொன்னார். பாதி முடிந்ததும் அவர் புத்தகத்தை மூடி, கைகளை மடியில் வைத்து, பின்னால் சாய்ந்துகொண்டார். மீதிப் பாதி அரபி. அதை நடத்த வேண்டியவர் மகளுக்குப் பின்னால் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ரோட்டில் பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தது, பிள்ளைகள் எழுந்து போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு பையன் தன் அரபிப் புத்தகத்தைத் திறந்தான். "அவன் வீட்டில எபிரேயமாக்கும்" என்று அக்கா மூச்சுக்குள் சொன்னார். எழுத்துக்கூட்டி, தடுக்கித் தடுக்கி, வாசிக்கத் தொடங்கினான். எங்கோ தப்பாக வாசித்திருக்க வேண்டும், ஒரு சிறுமி திருத்தினாள். அவன் திரும்ப வாசித்தான். அடுத்த வரியை வேறொரு பிள்ளை எடுத்தது. அடுத்ததை இன்னொன்று. யாருக்கோ ஒரு சொல் புரியவில்லை, மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அரபி டீச்சரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, தன்னையறியாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா பாய்ந்து மைக்கைப் போட்டு, தன் ஏழு வயதுப் பிள்ளையின் அரபியில் கத்தினார். டீச்சர் திடுக்கிட்டு இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். யூத டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொன்னிய?" என்று கேட்டேன்.

"தலையாட்டாதண்ணு சொன்னேன். தலையாட்டினா அது படிப்பிக்கியதாக்கும்!"

வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில் தலைவர் போன் செய்தார். இன்று அரபிப் பாடத்தை யார் நடத்தியது, பெயர் வேண்டும் என்று கேட்டாராம். அக்கா நின்றுகொண்டே பதில் சொன்னார். பிறகு எனக்கு அதை நம் பேச்சில் சொன்னார்.

"ஆரும் நடத்தல்ல. நான் கதவு தொறந்தேன், பிள்ளைய படிச்சாவ. பிள்ளையளை விலக்கி வைக்க ஆபீஸில கடுதாசி உண்டெங்கி அனுப்பு. மிச்சம் எட்டு பேருக்கும் நாளெ இதே நேரம் கதவு தொறந்திருக்கும்."

விசாரணை முடிந்து அரபி டீச்சர் மறுபடி வாய் திறக்க மூன்று மாதமானது. அந்த மூன்று மாதமும் அவர் மகளுக்குப் பின்னால் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார். தலைவரின் இரண்டு வகுப்புகளும் அந்த மாதமே ஓய்ந்தன. அதெல்லாம் பிறகு. மறுநாள் திங்கட்கிழமை, பதினான்கு பேரும் வந்தபின் பதினைந்தாவதாக ஒரு பையன் கதவுக்கு வெளியே வந்து நின்றான். அக்கா பெயரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது அந்தத் தலைவருக்க மோன்" என்றார். பிறகு மற்றவர்களிடம் கேட்பதுபோலவே முகத்தைக் காட்டு என்றார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், உள்ளே விட்டார்.